அச்சுக்கோப்பும் மின்கோப்பும்

எழுத்து ஏதேனும் ஒரு பொருளின்மீது நின்றே காலத்தைக் கடக்கின்றது. கல்லில் நின்றது கல்வெட்டாயிற்று. செம்பில் நின்றது பட்டயமாயிற்று. பனையோலையில் நின்றது ஏடாயிற்று. தாளில் நின்றது நூலாயிற்று. 1741ஆம் ஆண்டுப் போரின் நினைவாக எம் குளச்சல் ஊரில் நிற்கும் வெற்றித்தூணைக் காண்பார்க்கு எந்தக் கருவியின் துணையும் வேண்டா. கண் ஒன்றே போதும். அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்டு வந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் படித்து ஆராய்ந்தபோது, நாஞ்சில் நாட்டின் நில வழக்குகளும் வரிச்சுமையும் ஊர்க்கூட்டங்களும் நூற்றாண்டுகளின் இருளைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தன. ஓலையைப் படிக்கப் பழைய எழுத்தறிவு வேண்டியிருந்தது. எனினும் எழுத்து ஓலையிலேயே இருந்தது.

இன்று நாம் எழுதுவன பெரும்பாலும் கணினியில் கோப்பாக நிற்கின்றன. கோப்பைக் கண்ணால் படித்தல் இயலாது. அதைப் படித்துக் காட்டும் மென்பொருளும், எழுத்துருவும், வட்டைச் சுழற்றும் பொறியும் ஒருங்கே அமைந்தாலன்றி அது வெறும் தகடே. இவ்வுண்மையை யாம் நூலில் படித்து அறியவில்லை. எம் துறையின் பீரோவிலிருந்தே அறிந்தோம்.

எம் தமிழ்த்துறை வெளியிட்ட பழைய மலர்களிலிருந்து சிறந்த கட்டுரைகளைத் திரட்டி ஒரு தொகுப்பு கொணர்தல் வேண்டும் என அண்மையில் துறையினர் முடிவு செய்தனர். தொண்ணூறுகளின் நடுவில் வந்த மலர் ஒன்றில், இன்று எம்மோடு இல்லாத மூத்த பேராசிரியர் ஒருவர், இக்கடற்கரையின் முஸ்லிம் பெண்டிர் பாடிவந்த தாலாட்டுகளையும் மணவீட்டுப் பாடல்களையும் ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதிப் பதினொரு பக்க அளவில் வெளியிட்டிருந்தார். அப்பாடல்களைப் பாடிய பாட்டிமாரும் இன்றில்லை. துறையில் எஞ்சியிருந்த மலர்ப்படி ஒன்றே ஒன்று. அதனை எடுத்துப் பிரித்தபோது, அக்கட்டுரையின் நடுப்பக்கங்களைக் கறையான் அரித்திருந்தது. பதறிய உள்ளத்துடன் பீரோவைத் துழாவியபோது, மலரின் பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டிய நெகிழ்வட்டு ஒன்று கிடைத்தது. 'கவலை ஒழிந்தது' என்றே எண்ணினோம். அன்றுதான் கவலை தொடங்கியது. அந்த வட்டின் கதையை முடிக்குமுன், அது தோன்றிய வழியைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

ஈயமும் நினைவும்

தமிழ் எழுத்துகள் இந்திய மண்ணில் அச்சேறிய வரலாறு நம் கடற்கரையோடு நெருங்கிய தொடர்புடையது. 1578ஆம் ஆண்டு அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் நமக்கு வடக்கே, இதே கடற்கரையிலுள்ள கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அதற்கான எழுத்துகள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை. பின்னர் 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. 1835இல் அச்சகம் நடத்துவதற்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால், அதன்பின் தமிழரே அச்சகம் நடத்தும் நிலை பெருகிற்று. ஏட்டில் கிடந்த நூல்கள் தாளுக்கு ஏறின. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைச் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றியதும் இக்காலத்தேயாம்.

அச்சு வந்தபின் எழுத்தின் வடிவமும் அதற்கேற்ப வளைந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய வீரமாமுனிவரின் திருத்தம், அச்சினால் நிலைபெற்றது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் இன்றைய வடிவைப் பெற்றன. இதற்குத் தட்டச்சுப்பொறியும் அச்சுக்கோப்பும் எளிமையாதல் வேண்டும் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆதலின் கருவிக்காக எழுத்து வளைவது கணினியோடு தொடங்கிய புதுமையன்று.

யாம் பள்ளி மாணவராயிருந்த நாளில், உறவினர் திருமண அழைப்பிதழுக்காக எம் மாமாவுடன் கடைத்தெரு அச்சகத்திற்குச் சென்றதுண்டு. சாய்வாக நிறுத்திய மரக் கேஸ்களில் ஈய எழுத்துகள் அறை அறையாகக் கிடந்தன. ஆங்கிலத்திற்கு இரண்டு கேஸ் போதும். தமிழுக்கோ கம்பாசிடரைச் சுற்றிலும் கேஸ்களே. அவர் கண் எம் மாமாவின் கையெழுத்தில் இருக்க, கை தானே சென்று எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கியது. தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் வரியை அவர் நாம் நேர்வரியைப் படிப்பதுபோல் படித்தார். 786 என்னும் எண்ணும் பிறையும் பொறித்த பிளாக் ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து மேலே வைத்தார். காலி புரூஃப் வந்தது. மாமா பெயர் ஒன்றைத் திருத்தினார். டிரெடில் ஓடத் தொடங்கியது.

அச்சு முடிந்ததும் கோத்த எழுத்துகள் அனைத்தையும் பிரித்து மீண்டும் அறைகளில் போட்டுவிடுவர். ஈயம் விலையுள்ளது, அடுத்த வேலைக்கு வேண்டும். எனவே ஒரு நூலுக்கு மறுபதிப்பு வேண்டுமாயின் முதலிலிருந்து மீண்டும் கோத்தல் வேண்டும். மீண்டும் பிழை திருத்துதல் வேண்டும். முதற்பதிப்பில் இல்லாத பிழைகள் இரண்டாம் பதிப்பில் புகுந்ததற்குக் காரணம் பதிப்பாசிரியரின் அயர்ச்சி மட்டுமன்று. அச்சகத்திற்கு நினைவு இல்லை என்பதே முதற்காரணம். நூறு செய்திகளை ஒருங்கே நெஞ்சில் நிறுத்தி 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர் வாழ்ந்த காலத்தில், எந்த அச்சகமும் தான் நேற்றுக் கோத்த பக்கத்தை இன்று நினைவில் வைத்திருக்கவில்லை!

கணினி தந்த முதற்கொடை இந்நினைவே. ஒருமுறை கோத்ததைச் சேமித்து வைத்து, வேண்டும்போது எடுத்து, ஒரு சொல்லை மட்டும் மாற்றி மீண்டும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. பக்கத்தின் தோற்றத்தை அச்சுப்பொறிக்கு விளக்கும் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழியை அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்டது. 1985இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தன. இம்மூன்றும் கூடியபோது மேசைமேலேயே ஒரு நூலின் பக்கங்களை அமைத்துவிடலாம் என்றாயிற்று. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு 'ஒளியச்சு' என்னும் அழகிய பெயர் அமைந்தது. மக்கள் நாவிலோ 'டி.டி.பி.' என்றே நிலைத்துவிட்டது. தொண்ணூறுகளில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் தெருவுக்கு ஒன்றாக டி.டி.பி. கடைகள் தோன்றின. ஈயக் கேஸ்கள் எடைக்குப் போயின.

ஐந்து எண்களின் கதை

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று உடன்பாடு செய்துகொண்டு, அவ்வெண்ணையே அது சேமிக்கின்றது. திரையில் காட்டும்போது எழுத்துரு என்னும் வார்ப்பு, அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எடுத்து வைக்கின்றது. ஈய எழுத்தும் கேஸின் அறையும் என்று கொண்டால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். எண் என்பது அறை. எழுத்துரு என்பது அவ்வறையில் கிடக்கும் ஈயம்.

அன்றைய கணினியில் அறைகள் 256 மட்டுமே. அவற்றுள் முதற்பாதியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் முன்னரே குடியேறிவிட்டன. தமிழர் செய்த வழி யாது? ஆங்கில எழுத்தின் அறையிலேயே தமிழ் வடிவத்தைப் போட்டுவிட்டனர். தமிழகத்திலும் இலங்கையிலும் பெருவழக்குப் பெற்ற 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அச்சிடுவோர் உண்மையில் கணினிக்குத் தருவன ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்துமே. பாமினி எழுத்துரு அக்கணினியில் இருக்கும்வரை திரையில் தமிழ் தோன்றும். எழுத்துரு நீங்கின் ஜே, கே, பி, ஓ எனப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். அக்கோப்புக்குத் தான் தமிழ்க்கோப்பு என்பதே தெரியாது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அறைகளை அமைத்தது. ஒரு கடையில் தகரம் கிடக்கும் அறையில் மற்றொரு கடையில் வேறெழுத்துக் கிடந்தது. எனவே ஒரு கடையில் அடித்த கட்டுரையை மற்றொரு கடையில் திறத்தல் இயலாதாயிற்று. மலர்க்குழுவினர் ஆண்டுதோறும் ஒரே டி.டி.பி. கடைக்குச் சென்றதற்கு நட்பு மட்டும் காரணமன்று!

கடல் கடந்த தமிழர் இவ்விடரை முன்னரே உணர்ந்தனர். கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்ததோடு, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' படைத்தார். 1997இல் அங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டிற்கும் அவர் முயற்சியே முதற்காரணம். பொது அறையமைப்பு ஒன்று வேண்டும் என்னும் இம்முயற்சிகளிலிருந்து 'தஸ்கி' பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் விளைவாக 'டாம்', 'டாப்' என்னும் இரு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே நிற்க. நோக்கம் நன்று. ஆயினும், பல தரங்களை ஒழிக்க வந்தவை தாமும் மேலும் சில தரங்களாய் நின்றுவிட்டன என்பதே எம் கருத்து.

இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி அறைகள் என்னும் கொள்கையுடன் ஒருங்குறி வளர்ந்து வந்தது. 1991 அக்டோபரில் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசு 1988இல் வகுத்த இஸ்கி அமைப்பை அடியொற்றி அவை அமைந்தன. ஒருங்குறியில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். முறையே தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. இவ்வெண்கள் உலகின் எந்தக் கணினியிலும் இவ்வெழுத்துகளையே குறிக்கும், வேறொன்றையும் குறியா. பாமினியிலும் ஐந்து, ஒருங்குறியிலும் ஐந்து. வேறுபாடு ஐந்தில் இல்லை, அவை எவருடைய அறைகள் என்பதில் இருக்கின்றது. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' என்னும் எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை ஏற்றபின் இதன் வழக்குப் பரவிற்று. 2010 ஜூன் மாதத்தில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி செல்லாத இடங்களுக்கு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ்16' அமைப்பையும் உடன் ஏற்றது.

தமிழ் மாணவர்க்குச் சுவையான வழக்கொன்று இங்குண்டு. ஒருங்குறியில் ககரத்துக்கு ஓர் எண் உண்டு. ககர மெய்க்குத் தனி எண் இல்லை. ககரத்தை அடுத்துப் புள்ளியை இட்டே மெய்யைப் பெறுகின்றோம். 'மெய்யும் உயிரும் கூடியதே உயிர்மெய். இவ்வமைப்போ உயிர்மெய்யிலிருந்து மெய்யைப் பெறுகின்றது. இது இலக்கணத்துக்கு மாறு' என்று அறிஞர் பலர் எதிர்த்தனர். ஒலியை நோக்கின் அவர் கூற்று முற்றிலும் சரி. ஆயின் தொல்காப்பியர் வரிவடிவைக் கூறுமிடத்து, மெய் புள்ளியோடு நிற்கும் என்றும், புள்ளி நீங்கி உருவு திரியாது நிற்பின் அகரம் ஏறிய ஒலியாம் என்றும் கருதுகின்றார். எழுதும் கையின் நடைமுறை அது. கணினி சேமிப்பது வரிவடிவையே ஆதலின், ஒருங்குறியைத் தொல்காப்பியத்திற்குப் பகை என்று கூறுதல் மிகையாம் என்றே யாம் கருதுகின்றோம். டேஸ்16 ஆதரவாளர் எம்மோடு சினத்தல் கூடும்.

பக்கம் என்னும் படம்

எழுத்துக்கு எண் அமைந்தபின்னும், பக்கத்தின் சிக்கல் தீரவில்லை. ஒரு கணினியில் அமைத்த பக்கம் மற்றொன்றில் வரி மாறி, படம் நகர்ந்து, எழுத்துரு சிதைந்து தோன்றும். இதற்கு விடை காண அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 'கேமலாட்' என்னும் பெயரில் தொடங்கிய முயற்சியே, 1993இல் 'பி.டி.எஃப்.' என வெளிப்பட்டது. பக்கத்தில் எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்னும் குறிப்பையும், வேண்டிய எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே கட்டி அனுப்புதல் இதன் உத்தி. கட்டுச்சோறு கொண்டு பயணம் செல்வார் வழியில் எவரையும் எதிர்பாரார் அன்றோ? பேஜ்மேக்கர் இல்லாத கணினியிலும் அப்பக்கம் அப்படியே திறந்தது. அச்சகங்களுக்கு இது பெருந்துணையாயிற்று. பட்டர் தாளில் படியெடுத்து ஃபிலிம் ஆக்கிப் பிளேட் செய்த முறை மெல்ல மறைந்து, கோப்பிலிருந்து நேரே பிளேட் எழுதும் முறை வந்தது. 2005இல் நெடுங்காலப் பாதுகாப்புக்கென இதன் ஒரு வகை உலகத் தரமாயிற்று, 2008இல் பி.டி.எஃப். முழுவதுமே ஒரு நிறுவனத்தின் உடைமை என்னும் நிலையிலிருந்து நீங்கி உலகத் தரமாயிற்று.

ஆயினும் பி.டி.எஃப். காப்பது பக்கத்தின் தோற்றத்தை. அத்தோற்றத்தின்கீழ் எழுத்து இருக்கின்றதா என்பது வேறு வினா. நம் கைக்கு வரும் தமிழ்க் கோப்புகள் வெளிப்பார்வைக்கு ஒன்றேபோல் தோன்றினும் உள்ளே பலவகைப்படும். பழைய நூலை ஒளிவருடி எடுத்த கோப்பு வெறும் நிழற்படம். அதில் எழுத்தே இல்லை. பாமினி முதலியவற்றால் அமைத்த கோப்பில் எழுத்து உண்டு, ஆயின் அது ஆங்கில எழுத்து. ஒருங்குறியால் அமைத்த கோப்பிலேனும் எழுத்துத் தமிழாய் இருத்தல் வேண்டும். ஆண்டும் ஒரு குறும்பு நிகழ்கின்றது. 'கொடி' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் தோன்றுகின்றன. ஒருங்குறி இதனைக் ககரம், ஒகரக்குறி என ஒலிமுறையில் சேமிக்கும். பி.டி.எஃப். ஆக்கும்போதோ கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என வடிவங்கள் அடுக்கப்படுவதுண்டு. அத்தகைய கோப்பிலிருந்து சொல்லைப் படியெடுத்தால் கொம்பு ககரத்தின் முன் தனியே துள்ளி நிற்கும். 'கொடி' என்று தேடினால் கிடைக்காது. இதனைத் தவிர்க்கும் வழிகள் அவ்வடிவத்திலேயே உண்டெனினும், நம் கடைகளில் அவற்றைக் கையாள்வோர் சிலரே.

ஆய்வு மாணவர் தம் கட்டுரையைக் கோப்பாக ஒப்படைக்குமுன் ஒரு சிறு சோதனை செய்தல் நன்று. கொம்பு உள்ள சொல் ஒன்றையும், ஐகாரம் உள்ள சொல் ஒன்றையும் தேடுக. ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டுக. இரண்டும் பிழையின்றி வரின் அது எழுத்துள்ள கோப்பு. வாராதெனில், அழகிய படம் ஒன்றை ஒப்படைக்கின்றீர். காலுக்கு ரகரத்தையும், ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு ளகரத்தையும் அடித்துவிடும் பழக்கமும் கண்ணுக்குத் தெரியாத பிழையாம். கண் மன்னிக்கும், தேடுபொறி மன்னிக்காது.

கல்லச்சும் அறபுத்தமிழும்

படமா, எழுத்தா என்னும் இவ்வினா நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. அறபு வரிவடிவில் தமிழை எழுதிய அறபுத்தமிழ் நூல்கள் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எனப் பரவி வழங்கின. அறபியில் இல்லாத ட, ண, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, அறபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளை மிகுத்து நம் முன்னோர் புதிய வடிவங்கள் கண்டனர். தனித்தனி ஈய எழுத்துகளால் இவற்றைக் கோத்தல் அரிது. எழுத்துக்கு எழுத்துச் சேரும்போது வடிவம் மாறும் அறபு முறைக்கே ஈயம் மிகுதியாக வேண்டும். இப்புள்ளிகளோ இன்னும் மிகுதி. ஆதலின் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியரான செனஃபெல்டர் கண்ட கல்லச்சு முறை அவர்களுக்குக் கைகொடுத்தது. எழுத்தர் கைப்பட எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடலாம். எந்தப் புள்ளியும் எங்கும் நிற்கலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்றோர் அறபுத்தமிழில் இயற்றிய நூல்கள் மக்கள் கையில் சேர்ந்ததற்குக் கல்லச்சுப் பெருந்துணை.

இன்றைய கண்கொண்டு நோக்கின் கல்லச்சு நூல் ஒரு படக்கோப்பு. அதனை ஒளிவருடி எடுத்துக் காத்தல் முதற்பணி. இலங்கையின் நூலகம் நிறுவனமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் பொதுவாகத் தமிழ் நூல்களுக்குச் செய்துவரும் தொண்டு போற்றத்தக்கது. ஆயின் படமாய் நிற்கும் நூலில் ஒரு சொல்லைத் தேடல் இயலாது. அச்சுத் தமிழைப் படத்திலிருந்து எழுத்தாக்கும் கருவிகள் இன்று நன்கு வளர்ந்துள்ளன. கைப்பட எழுதிய அறபுத்தமிழ் முன் அவை தடுமாறுகின்றன. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அருகமர்ந்து ஒருங்குறியில் எழுதிக்கொள்வதே இப்போதைக்கு உள்ள வழி. தக்கலைப் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் தக்கலையில் பாடப்பட்டு வருதலால் ஓசையும் பாடமும் நாவில் நிலைத்தன. எல்லா நூலுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

பழைய மலர்களில் அறபு வரிகள் வேண்டுமிடத்து, டி.டி.பி. கடையில் வெற்றிடம் விடச் சொல்லி, மதறஸா ஆசிரியரிடம் தனித்தாளில் எழுதுவித்துக் கத்தரித்து ஒட்டியதை மூத்தோர் நினைவுகூர்வர். வலமிருந்து இடம் ஓடும் எழுத்தைத் தமிழோடு ஒரே வரியில் நிறுத்த அன்றைய மென்பொருளால் இயலவில்லை. எனவே கோப்பில் அவ்விடங்கள் வெறுமையாகவே நிற்கும். மேற்கோள் தாளில் மட்டுமே இருக்கும்.

மீண்டும் அந்த வட்டு

எம் கையிலிருந்தது மூன்றரை அங்குல நெகிழ்வட்டு. அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட், இன்று மாணவர் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே பெரும்பாலும் அதற்குள் அடங்காது. கல்லூரிக் கணினிகளில் எதிலும் அதனைச் செருகும் வாய் இல்லை. வெளியூர்க் கடை ஒன்றில் பழைய பொறி கிடைத்தது. வட்டில் ஐந்து கோப்புகள். மூன்று திறக்கவில்லை, காந்தப் பூச்சு பூஞ்சை பிடித்திருந்தது. கடற்காற்றில் இரும்பே நில்லாது, பூச்சு எம்மட்டு? திறந்த இரண்டில் ஒன்று எம் பேராசிரியரின் கட்டுரையாய் இருந்தது இறைவன் அருளே.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது; அதன்பின் அது கைவிடப்பட்டது. தேடிப் பிடித்த பழைய மென்பொருளில் கோப்பைத் திறந்தபோது, பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பாமினி எழுத்துருவை நிறுவியதும் ஓரளவு தமிழாயிற்று. எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, மாற்றி ஒன்றின் வழியே ஒருங்குறிக்குக் கொணர்ந்தோம். பெரும்பகுதி நன்றாக வந்தது. இடர் வந்தது ஒரு குறிப்பிட்ட வகைச் சொற்களில்.

பாமினியில் ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் அடைப்புக்குறி முதலிய குறிகளின் அறைகளில் வைக்கப்பட்டவை. எழுத்தைப் பிரித்தெடுத்த ஒரு கட்டத்தில் அக்குறிகள் தேவையற்றவை எனக் கருதப்பட்டு நீங்கிவிட்டன. ஆகவே 'ஹஜ்' என்னும் சொல்லில் புள்ளி ஒன்றே எஞ்சியது. 'ஸலாம்' என்பது 'லாம்' ஆயிற்று. 'ஹஸன்' என்னும் பெயர் 'ன்' என நின்றது. ஏனைய தமிழ்க் கட்டுரைக்கு இப்பிழை ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் நேரலாம். முஸ்லிம் பெண்டிரின் தாலாட்டில் வரிக்கு வரி நேர்ந்தது. பிள்ளையின் பெயரும், நபிமார் பெயரும், திங்களின் பெயரும் இவ்வெழுத்துகளாலன்றோ ஆவன! பொதுத்தமிழுக்கென அமைத்த கருவி நம் தமிழில் எங்கே ஓட்டை விடும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். கருவி செய்தார்மேல் குற்றம் கூறுவது முறையன்று. அவர் முன் இத்தகைய பாட்டு ஒன்றை எவரும் வைத்துக் காட்டவில்லை.

மாணவியர் நால்வர், கறையான் அரித்த அச்சுப்படியையும் கணினி தந்த வரிகளையும் அருகருகே வைத்து மூன்று கிழமை அமர்ந்தனர். தாளில் எழுத்து எஞ்சிய இடத்தைத் தாளைக்கொண்டும், தாள் போன இடத்தைக் கோப்பைக்கொண்டும் நிரப்பினர். இரண்டும் போன இடங்களில், கோட்டாற்றிலும் குளச்சலிலும் உள்ள முதியோர் சிலர் தாம் சிறுவயதில் கேட்ட சொற்களை நினைவுகூர்ந்து உதவினர். ஒரு பாட்டி, மாணவி வாசித்த வரியைக் கேட்டவுடன் அடுத்த வரியைத் தாமே பாடிவிட்டார். அது கோப்பிலிருந்த பாடத்தினின்றும் வேறுபட்டிருந்தது. இரண்டையும் பாடபேதமாகக் குறித்துள்ளோம். ஓலைச்சுவடிப் பதிப்பில் உ.வே. சாமிநாதையர் கையாண்ட ஒப்புநோக்கும் முறையை, முப்பதாண்டுக்கு உட்பட்ட கணினிக் கோப்புக்கும் கையாள நேர்ந்தது வியப்பே.

இவ்வாறு மீட்ட கட்டுரையை இப்போது மூன்று வகையாகக் காக்கின்றோம். அலங்காரம் ஏதுமற்ற ஒருங்குறி எழுத்துக்கோப்பு ஒன்று; இது எந்த மென்பொருளுக்கும் அடிமையாகாது. நெடுங்காலத்துக்கென வகுத்த பி.டி.எஃப். வகையில் ஒன்று, பக்க அமைப்பு இதில் நிற்கும். மூன்றாவது, நல்ல தாளில் அச்சிட்ட படி. இது நூலகத்தில் ஒன்றும், வேறூரில் ஒன்றும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து பார்த்துப் புதிய கருவிக்கு மாற்றும் பொறுப்பைத் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் பெயரில் பதிவேட்டில் எழுதியுள்ளோம். பெயர் எழுதாத பொறுப்பு எவர் பொறுப்பும் அன்று என்பது எம் பீரோ கற்பித்தது.

நான்காம் தாலாட்டில் ஏழு வரிகளும், மணவீட்டுப் பாடல் ஒன்றின் பிற்பகுதியும் இன்னும் கிடைக்கவில்லை. அவை அச்சுப்படியின் 43, 44ஆம் பக்கங்களில் இருந்தவை. தொண்ணூறுகளில் எம் கல்லூரியில் பயின்றோர், அவர்தம் குடும்பத்தார், ஊர்ப் பெரியோர் எவரிடமேனும் அம்மலர் இருப்பின், அவ்விரு பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்தேனும் தமிழ்த்துறைக்கு அனுப்பிவைக்க வேண்டுகின்றோம். மலர் கிழிந்திருப்பினும், அட்டை இழந்திருப்பினும் தாழ்வில்லை.